விலைக்கு வாங்கிய முதுமை

அயர்லாந்தின் இசைக்கலைஞர் ரோரி காலகர் 1963 இல் கார்க் நகரத்துக் கடையொன்றில், ஏறத்தாழ 100 பவுன் விலையில், கடன்பட்டு ஒரு மின்கித்தாரை வாங்கினார். ஃபெண்டர் நிறுவனம் 1961 இல் செய்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் அது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மேடைதோறும் அவர் உடலிலிருந்து வழிந்த வியர்வையில் அதன் வண்ணப்பூச்சு உதிர்ந்துகொண்டே வந்தது. 1995 சூன் மாதம் அவர் மறைந்தபோது அதன் முகப்பில் பெரும்பகுதி வெறும் மரமாகவே இருந்தது. 2024 அக்டோபரில் இலண்டன் ஏலத்தில் 8,89,400 பவுனுக்கு விலைபோன அக்கருவி, அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்கு வழங்கப்பட்டது.

அவர் மறைந்த அதே 1995 இல்தான் ஃபெண்டரின் தனிப்பட்டறை, புதுக் கருவிகளைப் பழையனவாக்கி விற்கத் தொடங்கியது. அவ்வரிசைக்கு இட்ட பெயர் 'ரெலிக்'. நமக்குப் பழகிய சொல், திருப்பண்டம் என்போம். திருப்பண்டங்களை விற்பதைத் திருச்சபைச் சட்டத்தின் 1190 ஆம் விதி அறவே தடுக்கிறது என்பதைப் பெயரிட்டவர்கள் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்!

தொடக்க ஆண்டுகளில் இப்பணியைச் செய்தவர் மிசௌரி மாநிலத்தின் வின்ஸ் குனெட்டோ. அவரது தொழில்நுட்பத்தைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. 1950களின் கித்தார்களுக்குப் பூசப்பட்ட நைட்ரோசெல்லுலோஸ் மெருகு காலப்போக்கில் மஞ்சளிக்கும், இறுகிச் சுருங்கும், குளிரும் வெப்பமும் மாறிமாறித் தாக்க, மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடும். இதனைப் பட்டறையில் விரைவுபடுத்தலாம். முன்கை படியும் இடத்தைத் தேய்க்கிறார்கள். உலோகப் பாகங்களை அமில ஆவியில் துருவேற்றுகிறார்கள். 2020 இல் கிப்ஸன் நிறுவனம் தொடங்கிய மர்ஃபி ஆய்வுக்கூடமோ, மிக இலேசானது முதல் மிகக் கடுமையானது வரை முதுமையைத் தரம் பிரித்தே விற்கிறது.

கம்பியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் 'பிக்கப்' நிலை சற்றே வேறு. காந்தத் துண்டுகளைச் சுற்றி, மயிரினும் மெல்லிய செப்புக்கம்பியைப் பல்லாயிரம் சுற்றுகள் சுற்றியது அது. சீமோர் டங்கன் நிறுவனத்தின் 'ஆன்டிக்விட்டி' வரிசையில் காந்தத்தின் வலிமையைச் சிறிது குறைத்து, ஒலியின் முனையை மழுக்குகிறார்கள். அது செவிக்குரிய முதுமை, செவியே தீர்ப்பளிக்கட்டும். ஆனால் உறையையும் அழுக்காக்குவது எந்தச் செவிக்காக?

இதன் உச்சம் 2006 இல் வந்தது. எரிக் கிளாப்டனின் 'பிளாக்கி' என்ற கித்தாரின் 275 படிகளை ஃபெண்டர் வெளியிட்டது. ஒவ்வொன்றின் விலையும் 24,000 டாலர். தலைப்பகுதியில் செருகிய சிகரெட்டால் மூலக்கருவியில் விழுந்த தீக்காயமும் படிகளில் அப்படியே இடம்பெற்றது. தாம் புகைக்காத சிகரெட்டின் வடுவுக்கும் சேர்த்தே அவற்றை வாங்கியோர் பணம் கொடுத்தனர்.

ஏமாற்று வேலை என இதை ஒதுக்கிவிட இயலாது. வாங்குபவர் அறிந்தே வாங்குகிறார். விளிம்பு மழுங்கிய கழுத்துப்பகுதி உள்ளங்கைக்கு இதமாக இருப்பது மெய். புத்தம்புதுக் கருவியில் முதல் கீறல் விழுமோ என்ற அச்சமும் நீங்குகிறது. அந்த அச்சமின்மை வாசிப்புக்கு நல்லதே.

எனினும் நெருடுவது ஒன்றுண்டு. காலகர் தம் கித்தாரின் வண்ணம் உதிர்வதைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அவர் கவனமெல்லாம் எழுப்பவேண்டிய ஒலியில் இருந்தது. அக்கவனத்தின் பக்கவிளைவே அந்தத் தேய்மானம். படியை வாங்குபவரோ முதலில் பார்ப்பது தேய்மானத்தைத்தான். உழைப்பின் இறுதியில் கிடைப்பது, உழைப்பு தொடங்குமுன்னரே கையில் தரப்படுகிறது. அந்த ஏக்கத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். இளமையிலேயே அனுபவசாலியாகத் தோன்ற விரும்பாதவர் எவர்?

காலகருடைய கித்தாருக்கும் ஃபெண்டர் படிகள் செய்ததுண்டு. அவற்றுள் ஒன்றைக் கூடத்தில் மாட்டிவைக்காமல் ஒருவர் நாள்தோறும் வாசிக்கிறார் என்று கொள்வோம். அவரது முன்கை காலகரின் முன்கை பட்ட இடத்தில் படவேண்டும் என்பதில்லை. சில ஆண்டுகளில், பட்டறை உரித்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி, மீந்திருக்கும் பூச்சில் இன்னொரு தேய்மானம் மெல்லத் தொடங்கும்.