இழுத்தால் ஏறும் குழாய்

கழுத்துத் தமனியின் அடைப்பைச் சரிசெய்யத் தொடையிடுக்கில் நுழையும் குழாய், அந்தத் தமனியை எட்டப் பெருந்தமனியின் வளைவைத் தாண்ட வேண்டும். முதியவர்களுக்கு அந்த வளைவு நீண்டு, கிளைகளின் வாய் கீழிறங்கியிருக்கும். சாதாரணக் குழாயைத் தள்ளினால், கிளைக்குள் ஏறாமல் இதயப் பக்கமே சரிந்துவிடும்.

இதற்கு சிம்மன்ஸும் சகாக்களும் 1973-இல் வெளியிட்ட உத்தி அழகோ அழகு. சிம்மன்ஸின் பெயர்கொண்ட குழாயின் முனை கொக்கிபோல் பின்னோக்கி மடங்கியிருக்கும். அதைக் கிளையின் வாயில் மாட்டிவிட்டு, தொடைப்பக்கம் மெல்ல இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க முனை மேலே ஏறும்! புதிதாகப் பழகுபவரின் கை தள்ளத்தான் துடிக்கும். தள்ளினால் முனை வெளியே வந்துவிடும்.

பிறகு விறைப்பான கம்பியை வெளிக் கழுத்துத் தமனியில் நிறுத்தி, அதன்மேல் வழிகாட்டிக் குழாயை ஏற்றுவார்கள். அடைப்பைக் கம்பி உரசக்கூடாது. படிவு உதிர்ந்தால் பக்கவாதம் வரலாம்.

வளைவு ரொம்பவும் முரண்டு பிடித்தால், மணிக்கட்டு வழியாகவோ நேரே கழுத்து வழியாகவோ போவதே புத்திசாலித்தனம்.