பழுதுற்ற பொருளும் உற்பத்தியாளர் பொறுப்பும்: மன்னாரை முன்வைத்து ஒரு நோக்கு

மண்பானை வாங்குவோர் அதனை விரலாற் சுண்டிப் பார்ப்பர். ஓசை பிசகினாற் கீறல் உண்டென அறிவர். வலை வாங்கும் பேசாலை மீனவர் கண்ணியை இழுத்துப் பார்த்தே விலை பேசுவர். பொருளின் குற்றங் குறை கண்ணுக்கும் கைக்கும் எட்டியிருந்த காலத்தில், வாங்குவோனே விழிப்பாயிருத்தல் வேண்டும் என்ற வணிக நெறி ஓரளவு நியாயமானதாகவே இருந்தது. ஆனால், கைத்தொலைபேசியின் மின்கலத்தை எவ்விதம் சுண்டிப் பார்ப்பது? மின்னேற்றியின் உட்புறத்தை எவ்விதம் இழுத்துப் பார்ப்பது? மூடிய உறைக்குள் மயிரிழை அளவில் நேர்ந்த பிழையை, அதனைச் செய்தவரன்றி வேறெவரும் அறியும் வாய்ப்பில்லை. அறிவு எவரிடத்து உளதோ, பொறுப்பும் அவரிடத்தே இருத்தல் வேண்டும். இவ்வெளிய நியாயம் மன்னார்த் தீவின் வீடொன்றை எவ்வளவு தூரம் எட்டுகின்றது என்பதே இங்கு ஆராயற்பாலது.

பழுதுற்ற பொருளை உற்பத்தியாளரே மீள அழைக்கும் முறைக்கு அண்மைக்காலத்தின் பேருதாரணம், சம்சுங் நிறுவனத்தின் கலக்ஸி நோட் 7 தொலைபேசியாகும். 2016 ஓகஸ்ட் 19ஆம் திகதி விற்பனைக்கு வந்த இத்தொலைபேசிகளுட் சில சூடேறித் தீப்பற்றின. இரண்டு வாரங்களில், செப்டெம்பர் 2ஆம் திகதி, ஏறத்தாழ 25 இலட்சம் தொலைபேசிகளை மாற்றிக் கொடுப்பதாக நிறுவனம் அறிவித்தது. மாற்றாகக் கொடுக்கப்பட்டவையும் எரியவே, ஒக்டோபர் 11ஆம் திகதி உற்பத்தி முற்றாக நிறுத்தப்பட்டது. 2017 சனவரியில் வெளியான ஆய்வு முடிவு, இருவேறு நிறுவனங்கள் செய்த மின்கலங்களில் இருவேறு பிழைகள் இருந்தமையை வெளிப்படுத்தியது. ஒன்றில் மூலைப்புறத்து மின்வாய் வளைந்திருந்தது. மற்றதில் உருக்கி ஒட்டிய இடத்துப் பிசிறுகள் குறுக்குச்சுற்றுக்கு வழிவகுத்தன. தொழிற்சாலையின் கூர்ந்த ஆய்வாலன்றி வேறெவ்வகையாலும் அறிய முடியாத பிழைகள் இவை.

இங்குக் கவனிக்க வேண்டிய உண்மை வேறொன்று. விற்பனையான 30 இலட்சத்துக்கு மேற்பட்ட தொலைபேசிகளுள் 96 சதவீதமானவை அவ்வாய்வு வெளியாகும் வேளையில் மீளப் பெறப்பட்டிருந்தன. எஞ்சியவற்றையும் மின்னேற்ற முடியாதவாறு தொலைவிலிருந்தே முடக்கும் மென்பொருள் பல நாடுகளில் அனுப்பப்பட்டது. அதாவது, உற்பத்தியாளரின் கை விரும்பினால் வாங்கியவரின் சட்டைப் பைவரை நீளும். ஆயின் அக்கை விலையுயர்ந்த பொருளின் பின்னாலேயே நீள்கின்றது. பெயரும் முகவரியும் பதிவான வாங்குவோனையே அது தேடுகின்றது.

மன்னாருக்குப் பொருள்கள் வரும் வழி இத்தகையதன்று. கொழும்புப் புறக்கோட்டையின் மொத்தக் கடைகளிலிருந்து மன்னார் நகருக்கும், அங்கிருந்து தலைமன்னார், வங்காலை, முருங்கன், சிலாவத்துறை ஆகிய ஊர்களின் சிறு கடைகளுக்கும் அவை கைமாறிக் கைமாறி வருகின்றன. வளைகுடா நாட்டில் உழைக்கும் மகனின் பயணப்பெட்டியிலும், கனடாவிலிருந்து வரும் உறவினரின் பொதியிலும் வேறு சில வருகின்றன. பற்றுச்சீட்டு இராது, இருப்பினும் அதில் உற்பத்தியாளரின் பெயர் இராது. இவ்வாறு வந்த மின்னேற்றி உப்புக்காற்றில் துருவேறி, இரவு முழுவதும் ஓலைத்தட்டியின் அருகே மின்னேற்றிக் கொண்டிருக்கும். அது பழுதென்று உலகின் வேறெங்கோ அறிவிக்கப்பட்டிருப்பினும், அவ்வறிவிப்பு அத்தட்டியைக் கடந்து உள்ளே வருவதில்லை.

சட்டம் யாது கூறுகின்றது? 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் விற்போனுக்கும் வாங்குவோனுக்கும் இடையிலான ஒப்பந்தத்தையே அடிப்படையாகக் கொண்டது. மகன் அனுப்பிய பொருளால் தாய் காயமுற்றால், அத்தாய் அவ்வொப்பந்தத்திற்குப் புறத்தே நிற்பவள். உரோம-ஒல்லாந்துச் சட்டத்தின்வழி உற்பத்தியாளர் மீது வழக்குத் தொடுப்பதாயின், அவரது கவனயீனத்தை நிறுவுதல் வேண்டும். தொலைதேசத் தொழிற்சாலையொன்றில் நிகழ்ந்த கவனயீனத்தை, எரிந்து சாம்பராகிப்போன ஒரு பொருளைக் கொண்டு நிறுவுவது யாரால் இயலும்?

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இந்நிலையை ஓரளவு மாற்றியது. முறைப்பாட்டை விசாரித்து, இழப்பீடு வழங்கவோ பொருளை மாற்றிக் கொடுக்கவோ கட்டளையிடும் அதிகாரம் சபைக்கு உண்டு. இது பாராட்டுக்குரியதே. எனினும், விற்பனை நடந்த மூன்று மாதங்களுள் எழுத்து மூலம் முறையிடல் வேண்டும் என்ற விதி கூர்ந்து நோக்கத்தக்கது. மின்கலம் நாட்காட்டி பார்த்து வீங்குவதில்லை. நான்காம் மாதத்தில் எரியும் பொருளுக்கு இவ்விதியில் இடமில்லை.

பொருள் வந்த வழி தெளிவாகத் தெரிந்த இடத்திலேனும் எச்சரிக்கை முந்தியதா என்பதற்கு 2021இன் சமையல் எரிவாயு விபத்துகள் விடை பகரும். நாட்டின் சந்தை இரண்டே நிறுவனங்களின் கையில் இருந்தது. வெற்றுக் கொள்கலன்கள் மீண்டும் அவற்றிடமே செல்வன. இதனினும் எளிதிற் பின்தொடரத்தக்க பொருள் வேறில்லை. இருந்தும், அவ்வாண்டு நவம்பரில் வெடிப்புகள் அடுத்தடுத்து நிகழ்ந்த பின்னரே சனாதிபதியால் ஆய்வுக்குழு அமைக்கப்பட்டது. புரொப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் கலவை விகிதம் மாறியமையே முதன்மைக் காரணமென அக்குழு கண்டது. அடுப்பங்கரைகளே சோதனைச் சாலைகளாயின என்பதே இதன் பொருள்.

பிற நாடுகள் இப்படியைக் கடந்துவிட்டன. 1932இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை தீர்த்த டொனாகியு எதிர் ஸ்டீவன்சன் வழக்கில், பானத்தை அருந்தியவர் அதனை விலைகொடுத்து வாங்கியவரல்லர். வாங்கிக் கொடுத்தவர் அவரது தோழி. அவ்வாறிருந்தும் உற்பத்தியாளருக்கு அவர்பால் கடமையுண்டு என்ற கோட்பாடு நிலைநாட்டப்பட்டது. மகன் அனுப்பிய பொருளால் காயமுறும் தாயின் நிலையும் இதுவே. 1985இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் வெளியிட்ட பணிப்புரை மேலும் ஓரடி முன்சென்றது. கவனயீனத்தை நிறுவ வேண்டியதில்லை, பழுதையும் பாதிப்பையும் அவற்றுக்கிடையிலான தொடர்பையும் காட்டினாற் போதும் என்றது. இறக்குமதியாளரையும் உற்பத்தியாளராகவே கருதியது. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருட்பொறுப்புக்கெனத் தனி அத்தியாயம் வகுத்ததோடு, ஆபத்தான பொருள்களை மீள அழைக்கக் கட்டளையிடும் அதிகாரத்தையும் மத்திய அதிகாரசபைக்கு அளித்துள்ளது.

இத்தகைய கடும் பொறுப்பு விலையை உயர்த்தும், ஏழைகள் மலிவான பொருளை இழப்பர் என்பது வணிகர் தரப்பு வாதம். இதனை முற்றாகப் புறந்தள்ளுவதற்கில்லை. ஆயினும், பொருள் மலிவாக இருப்பது ஆபத்தின் செலவு அதன் விலையிற் சேர்க்கப்படாமையால் மட்டுமே எனின், அச்செலவு மறைந்துவிடுவதில்லை. எரிந்த வீட்டுக்காரன் அதனைத் தனியொருவனாகச் செலுத்துகின்றான். பலர் சிறிது சிறிதாகப் பகிர வேண்டிய சுமையை ஒருவன் தலையில் ஏற்றுவது மலிவாகாது.

ஆகவே, இறக்குமதியாளரை உற்பத்தியாளராகக் கருதும் விதி, பழுது வெளிப்பட்ட நாளிலிருந்து கணிக்கப்படும் முறைப்பாட்டுக் காலம், மீள அழைக்கும் அறிவித்தலைத் தமிழிலும் சிங்களத்திலும் கடைசிக் கடைவரை கொண்டு செல்லும் கடப்பாடு ஆகிய மூன்றும் இலங்கைச் சட்டத்தில் இடம்பெறல் வேண்டும். இறுதியாகக் கூறியது இயலாததொன்றன்று. 1964ஆம் ஆண்டு டிசெம்பர்ப் புயலின் அழிவைக் கண்ட கரை மன்னார்க் கரை. இன்று கடல் கொந்தளிக்கும் என்ற செய்தி வானொலி வாயிலாகவும் மீனவர் சங்கங்கள் வாயிலாகவும் அக்கரையை அடைகின்றது. காற்றின் குற்றத்தை நிறுவும்படி அங்கு எவரும் மீனவனைக் கேட்பதில்லை. இயற்கையின் சீற்றத்துக்கு முன்னறிவித்தல் தரும் சமுதாயம், மனிதர் செய்து, விற்று, இலாபம் ஈட்டிய பொருளின் சீற்றத்துக்கு அதனினும் விரைந்து முன்னறிவித்தல் தரக் கடமைப்பட்டது.