துப்பறியும் நாவலும் இலக்கியமும்

துப்பறியும் நாவல் என்ற சொல்லைக் கேட்டவுடன் முகஞ் சுளிப்போர் ஆசிரியருள் இன்றும் உளர். அவர்களைக் குறைகூறுதற்கில்லை. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோர் காலந்தொட்டு இவ்வகை நூல்கள் பாடப்புத்தகத்தினுள் மறைத்துப் படிக்கப்பட்டனவேயன்றி, மேசைமீது விரித்துப் படிக்கப்பட்டனவல்ல. ஆயினும், குற்றமும் விசாரணையும் இலக்கியத்துக்கு ஆகாத பொருள்கள் என்று தமிழ் கற்றவர் எவருங் கூறார். சிலப்பதிகாரத்து வழக்குரை காதை யாது? தீர விசாரியாது கொல்லப்பட்ட ஒருவனுக்காக, சிலம்பின் பரல் மாணிக்கமா முத்தா என்னுந் தடயங்கொண்டு அரசவையிலே நிகழ்ந்த மறுவிசாரணையன்றோ? அங்கு உண்மை வெளிப்பட்டதோடு கதை முடிந்துவிடவில்லை, மதுரை எரிந்தது.

பழைய ஆங்கிலத் துப்பறியுங் கதை பெரும்பாலும் இதற்கு மாறானது. கொலையாளியின் பெயர் தெரிந்ததும் குழப்பம் நீங்கும். ஊர் பழையபடி ஊராகும். வாசகர் விளக்கை அணைத்துவிட்டு நித்திரைக்குச் செல்லலாம். கடந்த சில பத்தாண்டுகளில் வெளிவந்த சிறந்த குற்றநாவல்களிலோ, பெயர் தெரிந்த பின்னரே உண்மையான வினா எழுகின்றது. அத்தகைய மூன்றினை இங்கு வாசகர்க்குப் பரிந்துரைக்க விரும்புகின்றேன். முடிவுகளை வெளியிடேன், அவ்வளவு நாகரிகமாவது விமரிசகனுக்கு வேண்டும்.

முதலாவது, யப்பானிய எழுத்தாளர் கெய்கோ ஹிகாஷினோ 2005இல் வெளியிட்டு நவோக்கி பரிசு பெற்ற நாவல். 'த டிவோஷன் ஒப் சஸ்பெக்ற் எக்ஸ்' என ஆங்கிலத்தில் வழங்குகின்றது. கொலை நூலின் தொடக்கத்திலேயே எம் கண்முன் நிகழ்கின்றது. துன்புறுத்த வந்த முன்னாட் கணவனை ஒரு பெண்ணும் அவள் மகளும் கொன்றுவிடுகின்றனர். அடுத்த வீட்டில் வாழும் இஷிகாமி என்னும் கணித ஆசிரியர் அதனை மறைக்க முன்வருகின்றார். அவருடைய பல்கலைக்கழகத் தோழரான பௌதிகப் பேராசிரியர் யுகாவா அம்மறைப்பை அவிழ்க்க முயல்கின்றார். பிறர் விடைகாண இயலாத கணக்கை ஆக்குவது கடினமா, அக்கணக்கிற்கு விடை காண்பது கடினமா என்பதே இருவரிடையேயும் நிகழும் போட்டி. கேத்திரகணிதம்போலத் தோன்றி உண்மையில் வேறொரு பகுதியைச் சார்ந்த வினாக்களைப் பரீட்சையில் இடுவது இஷிகாமியின் வழக்கம். எங்கள் கணித ஆசிரியர்கள் இதனைப் படித்துப் புன்முறுவல் பூப்பர் என எண்ணுகின்றேன். அவ்வழக்கத்திலேதான் நாவலின் திறவுகோலும் உண்டு. பாத்திரங்களின் பேச்சு சில இடங்களில் வரட்சியானதே. ஆயின், அன்பின் பெயரால் ஒருவன் எதுவரை செல்லலாம் என்ற வினா, நூலை மூடியபின்னும் எம்மை விடுவதில்லை.

இரண்டாவது சிறியது, 1981இல் வெளிவந்தது. கொலம்பிய நாட்டுக் கபிரியேல் கார்சியா மார்க்கேஸ் எழுதிய 'க்ரோனிக்கிள் ஒப் எ டெத் ஃபோர்டோல்ட்'. சந்தியாகோ நாசார் என்னும் இளைஞனைக் கொல்லப்போவதாக இரட்டைச் சகோதரர் இருவர் ஊரெங்கும் சொல்லித் திரிகின்றனர். அனைவரும் அறிவர், எவருந் தடுத்திலர். இருபத்தேழு ஆண்டுகள் கழித்துக் கதைசொல்லி அதனை ஆராய்கின்றான். வெள்ளம் புகுந்த நீதிமன்றக் கட்டடத்தினுள் அவன் தேடிப்பெற்றது, ஐந்நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள் கொண்ட வழக்கேட்டில் 322 பக்கங்களே. எஞ்சியவை போயின. ஓர் ஊரின் மனச்சாட்சிக்கு இதனினுஞ் சிறந்த படிமம் நான் கண்டதில்லை.

மூன்றாவது எம் நாட்டினது. ஆதலின் சற்று விரித்துரைப்பேன். செகான் கருணாதிலக எழுதிய 'த செவன் மூன்ஸ் ஒப் மாலி அல்மேதா' 2022இல் புக்கர் பரிசு பெற்றது. களம் 1990ஆம் ஆண்டுக் கொழும்பு. போர்க்களப் படப்பிடிப்பாளனும் சூதாடியுமான மாலி, கதை தொடங்கும்போதே இறந்து கிடக்கின்றான். அவன் உடல் பேரை வாவியில் எறியப்பட்டிருக்கின்றது. மறுமையோ அரசாங்கக் கந்தோர்போல் அமைந்துள்ளது: நீண்ட வரிசை, படிவங்கள், காதுப் பரிசோதனை! தன்னைக் கொன்றவர் யாவர் என அறியவும், கட்டிலின் கீழ் ஒளித்துவைத்த படங்களை நண்பர் கையிற் சேர்க்கவும் அவனுக்குக் கிடைப்பது ஏழு இரவுகள். அப்படங்களுள் 1983ஆம் ஆண்டு வன்செயல்களின் சாட்சியமும் உண்டு.

உயிருடன் இருப்போர் விசாரியாதவிடத்து இறந்தவனே விசாரணை நடத்துகின்றான் என்பதே இந்நாவலின் ஆற்றல். இராணுவம், ஜே. வி. பி., புலிகள், இந்தியப் படை ஆகிய பலரும் கொன்ற காலத்தில் 'யார் செய்தது?' என்ற பழைய வினா எத்துணை பலவீனமானது! மறுமையில் மாலிக்கு வழிகாட்ட முயலும் கலாநிதி ராணி ஸ்ரீதரன் என்னும் பாத்திரம், 1989 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்திற் சுட்டுக் கொல்லப்பட்ட உடற்கூற்றியல் விரிவுரையாளர் ராஜினி திராணகமவை நினைவூட்டுகின்றது. அப்பக்கங்களை எம்மவர் எளிதிற் கடந்துசெல்ல இயலாது. நான் இருமுறை நிறுத்தி வாசித்தேன்.

குறைகளும் உள. நடுப்பகுதியிற் பேய்கள் மிகுந்து கதை தேங்குகின்றது. நகைச்சுவை சிலவிடத்து, அழவேண்டியவன் அழ அஞ்சிச் சிரிப்பதுபோல ஒலிக்கின்றது. ஒருவேளை ஆசிரியர் கருதியதும் அதுவே போலும். மாலியை 'நீ' என விளித்தே கதை முழுவதுஞ் சொல்லப்படுதல் முதல் ஐம்பது பக்கங்களிற் சலிப்பூட்டும், பின்னர் பழகிவிடும்.

மாணவர் ஹிகாஷினோவிலிருந்து தொடங்குதல் நன்று. ஓர் ஞாயிற்றுக்கிழமை போதும். மார்க்கேஸைத் தமிழாசிரியர்கள் வழக்குரை காதையோடு ஒருசேர வைத்து வகுப்பில் உரையாடலாம். கருணாதிலகவின் நூலிற் கொச்சை மொழியும் கொடுங்காட்சிகளும் நிரம்ப உள்ளமையால் கீழ்வகுப்பினர்க்கு ஏற்றதன்று. உயர்தர வகுப்பினரும் பழைய மாணவரும் அதனைப் படிக்கவேண்டும். பாடப்புத்தகத்தினுள் மறைத்தன்று, மேசைமீது விரித்து வைத்து.