வாடையும் வாடியும்

எழுவைதீவு முதல் நெடுந்தீவு ஈறாகவுள்ள தீவுகளிற் சோளகம் ஓய்ந்து வாடை எழுந்ததும் கடற்றொழிலின் போக்கு மாறும். வாடைப் பருவத்துக்கென வந்திறங்கும் அயலூர்ச் சம்மாட்டிமார் கரையில் ஓலையால் வாடி அமைப்பர். செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ (1973) நெடுந்தீவில் அத்தகையதொரு பருவத்தையே களமாகக் கொண்ட நாவல்.

நக்கீரரின் நெடுநல்வாடையிலும் வாடையுண்டு, கட்டடமுமுண்டு. நண்பகலிற் கோல்களின் நிழல் நோக்கித் திசையறிந்து, நூலிட்டு வகுத்த மாளிகை அது. உள்ளே அரசி பிரிவால் வருந்தினும் மாளிகை காற்றுக்கு அசைவதில்லை. நாவலில் வரும் வாடியோ காற்று மாறியதும் பிரிக்கப்படுவது. அதிற் குடியிருக்கும் செமியோன், மரியதாஸ் என்போரிடத்தே தீவுப் பெண்கள் நாகம்மாவும் பிலோமினாவும் மனம் வைக்கின்றனர். புதுவாழ்வு என அவர்கள் எண்ணியது ஒரு பருவத்து ஓலைக்குடிலையே பற்றி நிற்கிறது. இதனை வெறுங் காதற்கதையென ஒதுக்குவோர் இவ்விடத்தைக் கவனித்திலர். பாத்திரங்களின் மனமாற்றம் சிலவிடத்துக் காற்றினும் விரைந்து நிகழ்கின்றது என்ற குறையை மறுப்பதற்கில்லை. ஆயினும், புவியியல் பயின்றவராதலின் (அப்பயிற்சி இங்கே நன்கு உதவியுள்ளது) ஆசிரியர் காற்றை வெறும் பின்னணியாக்காது, காதலர்க்குரிய தவணையாகவே ஆக்கியுள்ளார். 1978இல் இந்நாவலைத் திரைப்படமாக்கியோரும் அத்தலைப்பை மாற்றினாரல்லர்.