கைவர் (1991): ரப்பர் உடைக்குள் இருக்கும் மனிதன்

கைவர் 1991-ல் வெளிவந்த அமெரிக்கத் திரைப்படம். யோஷிகி தகாயா எழுதி வரைந்த ஜப்பானிய மங்கா தொடரைத் தழுவி எடுக்கப்பட்டது. ஸ்க்ரீமிங் மேட் ஜார்ஜ், ஸ்டீவ் வாங் இருவரும் சேர்ந்து இயக்கினர். பிரையன் யுஸ்னா தயாரித்தார். பிரிட்டனில் மியூட்ரானிக்ஸ் என்ற பெயரில் வெளியானது. இதன் தொடர்ச்சியான ‘கைவர்: டார்க் ஹீரோ’ 1994-ல் ஸ்டீவ் வாங்கின் தனி இயக்கத்தில் வந்தது. இரண்டும் திரையரங்கில் பெரிதாக ஓடாமல், வீடியோ நாடாக்கள் வழியாகவே ரசிகர்களைச் சென்றடைந்த படங்கள்.

ரப்பர் உடை அணிந்த அரக்கர்கள் மோதிக்கொள்ளும் இவ்வகைப் படங்களைப் பெரும்பாலானோர் கேலிக்காகவே பார்க்கிறார்கள். ‘மோசமாக இருப்பதனாலேயே நன்றாக இருக்கிறது’ என்பது அவர்களின் வழக்கமான பாராட்டு. கைவர் படங்களைப் பொறுத்தவரை அந்தப் பாராட்டு பிழையானது. இவற்றில் மோசமான பகுதிகள் உண்டு, ஆனால் அவை ரப்பர் உடைகள் அல்ல.

பின்னணி

ஜப்பானில் சிறப்புக்காட்சிகளை முதன்மையாகக் கொண்ட படங்களையும் தொலைக்காட்சித் தொடர்களையும் டோகுசாட்சு என்பார்கள். 1954-ல் இஷிரோ ஹோண்டா இயக்கிய காட்ஸில்லா இதன் தொடக்கப்புள்ளியாகக் கருதப்படுகிறது. அதன் சிறப்புக்காட்சிகளை எய்ஜி சுபுராயா அமைத்தார். கனத்த ரப்பர் உடைக்குள் ஹருவோ நகாஜிமா போன்ற நடிகர்கள் நின்று, சிறிய அளவில் கட்டப்பட்ட நகரங்களை மிதித்து நடந்தனர். 1966-ல் அல்ட்ராமேன் தொடரும் 1971-ல் ஷோதாரோ இஷினொமோரியின் காமென் ரைடர் தொடரும் தொலைக்காட்சியில் வந்தன.

கைவரைப் புரிந்துகொள்ளக் காமென் ரைடரின் அடிப்படைக் கரு முக்கியமானது. ஷாக்கர் என்ற ரகசிய அமைப்பு மனிதர்களைக் கடத்தி, அவர்களின் உடலை மாற்றி, பூச்சி, விலங்கு வடிவ அரக்கர்களாக்குகிறது. நாயகனும் அவ்வாறு மாற்றப்பட்டவனே. மூளையை மாற்றுவதற்கு முன் தப்பிவிட்டதனால் மட்டுமே அவன் நாயகன். அவன் தினமும் கொல்லும் அரக்கர்கள் அவனுடன் ஒரே மேசையில் கிடத்தப்பட்டிருக்கக்கூடியவர்கள். சிறுவர்களுக்கான தொடராக இருந்தாலும் இதன் உள்ளே ஒரு துயரம் இருந்தது.

யோஷிகி தகாயா 1985-ல் டோகுமா ஷோட்டன் நிறுவனத்தின் ‘ஷோனென் கேப்டன்’ மாத இதழில் கைவர் தொடரைத் தொடங்கியபோது இந்தத் துயரத்தையே எடுத்து வளர்த்தார். குரோனோஸ் என்ற அமைப்பு மனிதர்களை ஸோவனாய்ட் என்னும் போர்விலங்குகளாக மாற்றுகிறது. பள்ளி மாணவனான ஷோ ஃபுகாமாச்சியின் உடலில் வேற்றுக்கோளினரின் உயிர்க்கவசம் ஒன்று தற்செயலாகப் பற்றிக்கொள்கிறது. தொடரின் மிகக் கொடிய கட்டத்தில் அவனுடைய தந்தையையே குரோனோஸ் ஸோவனாய்டாக மாற்றி அவன்மேல் ஏவுகிறது. நினைவிழந்த நிலையில், கவசம் தானாக இயங்கி, மகன் கையாலேயே தந்தை கொல்லப்படுகிறார். சண்டைக் காட்சிகளுக்காக வாசிக்கத் தொடங்கியவர்கள் மறக்கமுடியாமல் நினைவில் கொண்டிருப்பது இந்த இடத்தைத்தான்.

கதைச்சுருக்கம்

படம் கதையை லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொண்டுசெல்கிறது. குரோனோஸ் நிறுவனத்தில் பணியாற்றும் விஞ்ஞானி டெட்சு செகாவா, கைவர் கருவியைத் திருடிக்கொண்டு ஓடுகிறார். நிறுவனத்தின் அடியாளான லிஸ்கர் (மைக்கேல் பெரிமேன்) அவரைத் துரத்திக் கொல்கிறான். கைப்பற்றிய பெட்டியைத் தலைவர் பால்கஸிடம் (டேவிட் கேல்) கொடுத்துத் திறந்தால் உள்ளே பழைய டோஸ்டர் ஒன்று இருக்கிறது. உண்மையான கருவி குப்பைக்குள் கிடந்து, ஷான் பார்க்கர் (ஜாக் ஆம்ஸ்ட்ராங்) என்ற கல்லூரி மாணவனின் கையில் சிக்குகிறது. அக்கிடோ வகுப்பில் கவனமில்லாத, யாரையும் வெல்லாத இளைஞன் அவன். தெருரவுடிகள் தாக்கும்போது கருவி உயிர்பெற்று அவன் உடலை மூடுகிறது. விஞ்ஞானியின் மகள் மிஸ்கி (விவியன் வூ), அவர்களுக்கு உதவும் உளவுத்துறை அதிகாரி மாக்ஸ் ரீட் (மார்க் ஹாமில்) ஆகியோருடன் ஷான் குரோனோஸை எதிர்கொள்கிறான். பேருருவ அரக்கனாக மாறும் பால்கஸை மார்புக் கவசத்தைத் திறந்து வெளிவரும் ஒளிக்கதிரால் அழிக்கிறான்.

படத்தின் சுவரொட்டியில் மார்க் ஹாமிலின் பாதி முகமும் கைவரின் பாதி முகமும் இணைத்து அச்சிடப்பட்டிருந்தன. ஸ்டார் வார்ஸ் நாயகன்தான் கைவர் என்று நம்பிப் படத்தை எடுத்தவர்கள் ஏமாந்தனர். ஹாமில் இதில் துணைப்பாத்திரம் மட்டுமே.

உடைகள்

இரு இயக்குநர்களும் அடிப்படையில் ஒப்பனைக் கலைஞர்கள். ஒசாகாவில் பிறந்த ஸ்க்ரீமிங் மேட் ஜார்ஜ், யுஸ்னா இயக்கிய சொசைட்டி (1989) படத்தில் மனித உடல்கள் உருகிக் கலக்கும் காட்சிகளை உருவாக்கியவர். தைவானில் பிறந்த ஸ்டீவ் வாங், பிரிடேட்டர் (1987) படத்தின் வேற்றுக்கோள் வேட்டைக்காரனை உருவாக்கிய ஸ்டான் வின்ஸ்டன் குழுவில் பணியாற்றியவர். அவர்களின் கைத்திறன் கைவரில் ஒவ்வொரு சட்டகத்திலும் தெரிகிறது. கைவர் உடையின் முழங்கை வாள்கள், நெற்றியில் பதிந்த உலோகக் குமிழ், தசையா ஓடா என்று பிரித்தறிய முடியாத மேற்பரப்பு ஆகியவை மங்காவின் கோடுகளை அப்படியே கனமான பொருளாக மாற்றியவை. ஸோவனாய்ட்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு தோலும் பல்லும் நடையும் கொண்டவை.

இந்த உடைகள் ரப்பர் என்பது பார்த்தவுடன் தெரியும். கழுத்தருகே மடிப்பு விழுகிறது. அரக்கர்கள் குனிய முடியாமல் குனிகிறார்கள். இதைக் குறை என்று சொல்பவர்கள் கதையைக் கவனிக்கவில்லை. இந்தக் கதையில் ஒவ்வொரு அரக்கனும் உண்மையிலேயே ஒரு மனிதன். தோலுக்கு அடியில் ஓர் ஆள் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறான், வியர்க்கிறான், கீழே விழும்போது அவனுக்கு வலிக்கிறது. வேடம் கட்டிய நடிகரின் நிலையும் கதாபாத்திரத்தின் நிலையும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. கணினியில் வரையப்பட்ட அரக்கன் எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் அதற்குள் யாரும் இல்லை. காட்ஸில்லா போன்ற விலங்குக்கதைக்கு அது பொருந்தலாம். மனிதன் அரக்கனாக்கப்படும் கதைக்கு ரப்பர் உடையைவிடப் பொருத்தமான வடிவம் அமைவது கடினம்.

படம் இதை உணர்ந்திருக்கும் தருணங்கள் உண்டு. அவற்றில் முதன்மையானது மாக்ஸ் ரீட்டின் முடிவு. அவரைப் பிடித்து ஸோவனாய்டாக மாற்ற முயல்கிறார்கள். அவர் உடல் அதை ஏற்காமல், கரப்பான்பூச்சி போன்ற உருவத்தில் சிதைந்து சாகிறார். சுவரொட்டியில் விற்கப்பட்ட அந்த அழகிய முகம் பூச்சியின் முகமாக விரிகிறது. ஹாமிலின் கண்கள் மட்டும் சிறிதுநேரம் அடையாளம் தெரிகின்றன. மங்காவில் தந்தைக்கு நிகழ்ந்ததன் நிழல் இந்த ஒரு காட்சியில் விழுகிறது. இதைப் பார்த்துச் சிரிக்க முடிவதில்லை.

நகைச்சுவை

மற்ற இடங்களில் படம் தன் அரக்கர்களைக் கண்டு வெட்கப்படுகிறது. ஜிம்மி வாக்கர் ஏற்ற ஸ்ட்ரைக்கர் என்னும் அடியாள் ராப் பாட்டு பாடுகிறான், அரக்கனான பின்பும் பாடுகிறான். துரத்தலின் நடுவே அரக்கன் ஒருவன் திகில்பட படப்பிடிப்புக்குள் நுழைந்துவிடுகிறான். அங்கே அலறும் நடிகையாகத் திகில் படங்களால் புகழ்பெற்ற லினியா குவிக்லி வருகிறார். ஜெஃப்ரி கோம்ஸ் ஏற்ற மருத்துவரின் பெயர் ஈஸ்ட். யுஸ்னா தயாரித்த ரீ-அனிமேட்டர் (1985) படத்தில் அவர் ஏற்ற ஹெர்பர்ட் வெஸ்ட் பாத்திரத்தை நினைவூட்டும் விளையாட்டு அது.

இந்தக் கடைசி வகை விளையாட்டு தீங்கற்றது. நண்பர்கள் கூடிப் படமெடுத்த உற்சாகம் அதில் இருக்கிறது. ஸ்ட்ரைக்கரின் நகைச்சுவை அப்படிப்பட்டதல்ல. ‘இதெல்லாம் சும்மா, நீங்களும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்’ என்று பார்வையாளரிடம் முன்கூட்டியே மன்னிப்பு கேட்கும் குரல் அது. மன்னிப்பு கேட்கும் படத்தைப் பார்வையாளர் மன்னிக்கிறார், ஆனால் நம்புவதில்லை. பல மாதம் உழைத்துச் செதுக்கிய உடையை ஒரே ஒரு கோமாளி வசனம் வெறும் ரப்பராக்கிவிடுகிறது. ‘மலிவான படம்’ என்ற எண்ணத்தை உண்டாக்குவது பணக்குறைவு அல்ல, இந்த வெட்கமே.

டார்க் ஹீரோ (1994)

இரண்டாம் படத்தை ஸ்டீவ் வாங் இன்னும் குறைந்த செலவில் எடுத்தார். ஷானாக டேவிட் ஹேய்ட்டர் நடித்தார். பின்னாளில் மெட்டல் கியர் சாலிட் விளையாட்டின் ஆங்கில வடிவில் சாலிட் ஸ்னேக்குக்குக் குரல் கொடுத்தவரும், எக்ஸ்-மென் (2000) படத்தின் திரைக்கதையாசிரியரும் இவரே.

இதில் கோமாளித்தனம் அறவே இல்லை. ஷான் குற்றவாளிகளைக் கொன்றுவிட்டு, கொன்றது தானா கவசமா என்று தெரியாமல் தவிக்கிறான். கனவில் வரும் குகை ஓவியங்களைத் தேடி யூட்டா மாநிலத்தில் நடக்கும் அகழாய்வுக்குச் செல்கிறான். அங்கே புதைந்துகிடக்கும் வேற்றுக்கோள் கலத்தில் தன் கவசத்தின் வரலாற்றை அறிகிறான். மனித இனமே போர்க்கருவியாக உருவாக்கப்பட்டது. கவசத்தை அணிந்த மனிதன் தன்னை உருவாக்கியவர்களுக்கே அடங்காமல் போனான். மங்காவில் கைவர் என்ற சொல்லின் பொருளும் இதுதான்: வரையறைக்கு அடங்காதது. உருவாக்கியவனின் நோக்கத்தை மீறும் உடல் என்ற இந்தக் கருத்தை முதல் படம் தொடவே இல்லை.

சண்டைக் காட்சிகளைக் கோயிச்சி சகமோட்டோ அமைத்தார். முதல் படத்தில் அரக்கர்கள் தள்ளிக்கொண்டும் உருண்டும் சண்டையிட்டனர். இதில் அதே கனத்த உடைகளுடன் சுழன்று உதைக்கிறார்கள், மரங்களில் மோதி விழுகிறார்கள். ஒவ்வொரு அடியிலும் உடலின் எடை தெரிகிறது. கைவர் கவசத்தை அணிந்த ஸோவனாய்டுடன் நடக்கும் இறுதிச்சண்டை ரப்பர் உடைப் படங்களில் எடுக்கப்பட்ட சிறந்த சண்டைகளில் ஒன்று.

ஆனால் படம் இரண்டு மணிநேரத்துக்கும் அதிகமாக நீள்கிறது. அகழாய்வு முகாமில் நடக்கும் உரையாடல்கள் தட்டையானவை, நடிப்பும் அவ்வாறே. முதல் படத்தில் இருந்த குதூகலம் இதில் இல்லை. தன்னை நம்பும் படம் தானாகவே நல்ல படமாகிவிடுவதில்லை என்பதற்கும் இதுவே சான்று. எனினும் இதன் குறைகள் திறமைக்குறைவால் வந்தவை, பார்வையாளரைக் குறைத்து மதிப்பிட்டதால் வந்தவை அல்ல. இந்த வேறுபாடு முக்கியமானது.

தொடர்ச்சி

இப்படங்களின் செல்வாக்கு பெரும்பாலும் சண்டைக்கலைஞர்கள் வழியாகச் சென்றது. கோயிச்சி சகமோட்டோ பவர் ரேஞ்சர்ஸ் தொடரில் நீண்டகாலம் பணியாற்றித் தயாரிப்பாளராகவும் உயர்ந்தார். பின்னர் ஜப்பானுக்குத் திரும்பி காமென் ரைடர் தொடர்களையும் படங்களையும் இயக்கினார். ஸ்டீவ் வாங் தன் சகோதரர் மைக்கேல் வாங்குடன் சேர்ந்து ‘காமென் ரைடர்: டிராகன் நைட்’ என்ற அமெரிக்கத் தொடரை 2008-09-ல் உருவாக்கினார். அது சண்டை அமைப்புக்காக டேடைம் எம்மி விருது பெற்றது. காமென் ரைடரிலிருந்து பிறந்த கைவர், தன் கலைஞர்கள் வழியாகக் காமென் ரைடருக்கே திரும்பிச் சென்றது.

மங்காவின் கதையை அதன் முழு இருளுடன் அறிய விரும்புபவர்கள் 1989 முதல் வெளியான 12 பகுதி அனிமே தொடரையோ 2005-ல் வந்த 26 பகுதி தொலைக்காட்சித் தொடரையோ பார்க்கலாம்.

மதிப்பீடு

கைவர் படங்களில் ஒன்றுகூட முழுமையான வெற்றி அல்ல. முதல் படத்தில் உயிருள்ள அரக்கர்களும் தன்னம்பிக்கையற்ற திரைக்கதையும் இருக்கின்றன. இரண்டாம் படத்தில் தன்னம்பிக்கை இருக்கிறது, அதைத் தாங்கும் எழுத்து இல்லை. தந்தையைக் கொல்லும் மகன் என்ற மங்காவின் உச்சத்தை இரண்டுமே எட்டவில்லை.

ஆனாலும் இவற்றை ரசிப்பதற்கு நேர்மையான காரணங்கள் உள்ளன. ஓர் உடலைக் கையால் செய்து, அதற்குள் ஓர் ஆளை நிறுத்தி, அதே தரையில் இன்னொருவருடன் மோதவைத்து எடுக்கப்பட்ட படங்கள் இவை. அந்த உழைப்பைப் பார்த்துச் சிரிப்பவர் படத்தின் சிறந்த பகுதியைத் தவறவிடுகிறார். சிரிக்க வேண்டிய இடங்கள் வேறு, அவை படமே நம்மைச் சிரிக்கச் சொல்லிக் கெஞ்சும் இடங்கள். அங்கே சிரிப்பு வருவதும் இல்லை.

முதல் படத்தைப் பார்ப்பவர்கள் மாக்ஸ் ரீட்டின் மரணத்தையும், இரண்டாம் படத்தைப் பார்ப்பவர்கள் இறுதிச்சண்டையையும் தவறவிடாமல் பார்க்கலாம். ரப்பர் மடிப்பு கண்ணில் பட்டால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. உள்ளே ஒரு மனிதன் இருக்கிறான் என்பதைத்தான் அது காட்டுகிறது. கதையும் அதைத்தான் சொல்கிறது.