தாழ்த்திய காரும் தவறான கணக்கும்

சுருள்வில்லை அறுத்துக் காரைத் தாழ்த்தினால் ஓட்டம் உறுதிப்படும் என்பர். பாதி உண்மை: ஈர்ப்பு மையம் தாழ்வதால் வளைவில் சாய்வு குறையும். மறுபாதியையும் பார்ப்போம்.

எட்டுச் சுற்று வில்லில் இரண்டை அறுத்தால் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடும். அதிர்வெண் சுமார் 15 விழுக்காடு உயரும். பழைய வில்லுக்கென அமைந்த அதிர்வு தணிப்பான் இதற்கு ஈடுகொடுக்காது. வில் அமுங்க இடமும் குறையும். பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது, குட்டையான வில் இருப்பிடத்திலிருந்து நழுவவும் கூடும்.

தரை இடைவெளி 17 செ.மீ. எனில், 4 செ.மீ. தாழ்த்தினால் மிச்சம் 13. ஐவர் அமர்ந்தால் இன்னும் குறையும். விதிப்படி கட்டிய வேகத்தடையே 10 செ.மீ. உயரம்! பந்தயத் தளத்தின் கணக்கு சுரக்குடியின் வயலோரச் சாலைக்குப் பொருந்துமா?

தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடுமாறு வண்டியைத் திருத்துவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் தடுக்கிறது. அழகுக்காகப் பாதுகாப்பை அறுத்தெறிவது அறிவுடைமை ஆகாது.