11,000 பவுண்டு என்கிற எண்

பிக்அப் டிரக் விளம்பரங்களில் ஒரு எண்ணை மட்டும் எப்போதும் பெரிய எழுத்தில் போடுவார்கள். எவ்வளவு இழுக்கும் என்கிற எண். அமெரிக்காவில் அரை டன் ரகம் என்று சொல்லப்படும் டிரக்குகளுக்கு அது 9,000 பவுண்டிலிருந்து 13,000 பவுண்டு வரை போகும். இந்தப் பதிவு அந்த எண்ணைப் பற்றிய விமர்சனம். புத்தகத்துக்கு எழுதுகிறோம், படத்துக்கு எழுதுகிறோம். ஒரு குடும்பம் நெடுஞ்சாலையில் 65 மைல் வேகத்தில் போகும்போது நம்பியிருக்கிற ஒரு எண்ணுக்கும் எழுதலாம் என்று தோன்றியது.

எண் பொய்யில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொய்யாக இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். உண்மையான எண் ஒன்று எப்படி ஆளை ஏமாற்றுகிறது என்பதுதான் எனக்கு சுவாரசியமாக இருந்தது.

கதை இப்படித் தொடங்கியது. ஒஹாயோவில் இருக்கும் நண்பர் ஒருவர் பழைய பிக்அப் ஒன்று வாங்கினார். அங்கே பனிக்காலத்தில் சாலையெல்லாம் உப்பு கொட்டுவார்கள். வண்டியின் மேற்புறம் பளபளவென்று இருந்தது, அடியில் பின்புற ரிசீவர் ஹிட்ச் துருப்பிடித்து அப்பளம் மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தது. (ரிசீவர் என்பது சேஸிஸின் கடைசியில் போல்ட் போட்டு மாட்டும் சதுரக் குழாய். அதில் ஒரு கட்டையைச் செருகி, கட்டையின் மேல் இரும்புப் பந்து. டிரெய்லரின் வாய் அந்தப் பந்தைக் கவ்விக்கொள்ளும். நம்மூர் டிராக்டரில் கொக்கியும் பின்னும் செய்கிற அதே வேலை.) புதிய ஹிட்ச் மாட்ட வேண்டும், கோடையில் கேம்பர் டிரெய்லர் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு ஏரிக்குப் போக வேண்டும், இதுதான் திட்டம்.

ஹிட்ச்சுகளில் வகுப்புகள் உண்டு. முதல் வகுப்பு 2,000 பவுண்டு, இரண்டாவது 3,500. மூன்றும் நான்கும் இரண்டு அங்குலக் குழாய், நான்காவது 10,000 வரை போகும். ஐந்தாவது அதற்கும் மேல். நண்பர் ஐந்தாம் வகுப்பு வாங்கியிருந்தார். பெட்டியில் 17,000 என்று போட்டிருந்தது.

"எதுக்கு ஜி இவ்ளோ பெருசு?" என்று கேட்டேன்.

"வண்டி 11,000 இழுக்கும்னு போட்டிருக்கான். ஹிட்ச் அதுக்கு மேல இருந்தா சேஃப்டி தானே?"

தப்பில்லை. ஆனால் கயிறு எவ்வளவு தடிமன் என்பது கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சொல்லாது. பெரிய ஹிட்ச் மாட்டியதால் டிரக்கின் ஸ்பிரிங்கோ அச்சோ டயரோ ஒரு பவுண்டுகூடக் கூடுதலாகத் தாங்கப்போவதில்லை. மென்பொருளில் சொன்னால் இது ஒரு min() ஃபங்ஷன். வண்டி, ஹிட்ச், கட்டை, பந்து, டிரெய்லரின் வாய் எல்லாவற்றிலும் ஓர் எண் இருக்கிறது. அதில் எது சிறியதோ அதுதான் விடை. நண்பர் எழுதி வைத்திருந்தது max().

சரி, அந்த 11,000 எங்கிருந்து வருகிறது? 2008 வரை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு அளந்து போட்டுக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு எஸ்.ஏ.இ. என்கிற வாகனப் பொறியாளர் சங்கம் ஜே2807 என்று ஒரு பொதுச் சோதனை முறை வெளியிட்டது. டொயோட்டா தன் டண்ட்ராவுக்கு 2011 மாடலிலேயே ஏற்றுக்கொண்டது. டெட்ராய்ட் கம்பெனிகள் மெதுவாக, 2015 மாடல் வாக்கில்தான் வந்து சேர்ந்தன. சோதனை நிஜமாகவே கடுமையானது. அரிசோனாவில் டேவிஸ் அணைக்குப் பக்கத்திலிருந்து ஏறும் மலைச்சாலை, பதினோரு மைலுக்கு மேல் ஏற்றம். வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டாவது இருக்க வேண்டும், ஏசி முழுதாக ஓட வேண்டும். ஒற்றைப் பின்சக்கரம் உள்ள டிரக் 40 மைல் வேகத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. 12 சதவீதச் சரிவில் நிறுத்தி, ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து தடவை நகர்த்திக் காட்டவும் வேண்டும். இதையெல்லாம் செய்து காட்டிய எண்ணை யாரும் குறை சொல்ல முடியாது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. அந்தக் கணக்கில் வண்டிக்குள் இருப்பது இரண்டே பேர், தலைக்கு 150 பவுண்டு. சாமான் கிடையாது. டிரெய்லர் எடையில் 10 சதவீதம் மட்டும் பந்தின் மேல் இறங்குகிறது.

இந்த 10 சதவீதத்தைப் புரிந்துகொள்ள மாட்டு வண்டிக்குப் போகலாம். ஊரில் மூட்டை ஏற்றும்போது முன்பாரம், பின்பாரம் பார்ப்பார்கள். முன்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கிக்கொள்ளும், மாடு தடுமாறும். டிரெய்லரும் அப்படித்தான். பந்தின் மேல் இறங்கும் எடையை ஆங்கிலத்தில் டங் வெயிட் என்பார்கள், நான் முன்பாரம் என்றே சொல்கிறேன். அது மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும் என்பது இங்கே நடைமுறை. குறைந்தால் டிரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கும். ஒரு லாரி பக்கத்தில் கடந்து போகும் காற்றே போதும், ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகி டிரக்கையே இழுத்துப் போட்டுவிடும். வேகம் கூடக்கூட இது மோசமாகும். ஆகவே கேம்பர் இழுப்பவர்கள் 13 சதவீதம் போல வைத்துக்கொள்வது வழக்கம்.

இழுப்பது எஞ்சின். முன்பாரத்தைச் சுமப்பது டிரக்கின் முதுகு. சுமைக்கான எண் விளம்பரத்தில் கண்ணில் படாது. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சள் பட்டை போட்ட சின்ன ஸ்டிக்கர் ஒன்று இருக்கும், அதில் இருக்கிறது. ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று ஒரே வரி. ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிரிந்து விபத்துகள் நடந்த பிறகு, 2000இல் வந்த டிரெட் சட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் அந்த வரி இன்றைய வடிவத்துக்கு வந்தது. விளம்பர எண் அந்த மாடலுக்குப் பொதுவானது. ஸ்டிக்கர் எண் அந்த ஒரு வண்டிக்கு உரியது, சன்ரூஃப் இருந்தால் அதுவும் கழிந்திருக்கும்.

நண்பரின் கதவில் இருந்த எண் 1,480.

இனி கூட்டிப் பாருங்கள். விளம்பரக் கணக்கு: 11,000இல் 10 சதவீதம் 1,100. இரண்டு ஆள் 300. ஹிட்ச் சாமான் 70. மொத்தம் 1,470. அழகாக உள்ளே உட்கார்ந்துவிட்டது! இப்போது 13 சதவீதம் போடுங்கள். முன்பாரம் மட்டுமே 1,430. மிச்சம் 50 பவுண்டு. டிரைவர் வீட்டிலேயே இருந்துகொள்ள வேண்டியதுதான்.

இதுதான் என் புகார். சோதனை உண்மை, கூட்டலும் உண்மை, ஆனால் அந்தக் கூட்டலுக்குள் வாழக்கூடிய குடும்பம் எதுவும் இல்லை. அதோடு அது ஒரு ஆபத்தான ஆசையையும் கிளப்புகிறது. சுமை மிஞ்சுகிறது என்று தெரிந்தவர் என்ன செய்வார்? டிரெய்லரில் சாமானைப் பின்னால் தள்ளுவார். முன்பாரம் குறையும், கதவு ஸ்டிக்கர் திருப்தி அடையும், டிரெய்லர் வாலாட்டும்.

ஐரோப்பாவில் ஹிட்ச் தகட்டில் இரண்டு எண்கள் பொறிக்கிறார்கள். டி என்பது வண்டி எடையையும் டிரெய்லர் எடையையும் சேர்த்துக் கணக்கிட்ட இழுவிசை, எஸ் என்பது பந்து தாங்கும் செங்குத்துப் பாரம். அந்த எஸ் பெரும்பாலும் 100 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். அங்கே முன்பாரச் சதவீதமே குறைவு, பதிலுக்கு வேகமும் குறைவு. ஜெர்மனியில் டிரெய்லர் இழுக்கும் காருக்குப் பொது வரம்பு 80 கிலோமீட்டர், சில நிபந்தனைகளோடு 100. இழுப்பதையும் சுமப்பதையும் அருகருகே ஒரே தகட்டில் வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் டி மதிப்பு கிலோநியூட்டனில் இருக்கும். கடைக்காரரிடம் கிலோநியூட்டனில் பேசிப் பாருங்கள்.

அமெரிக்க ஹிட்ச்சின் ஸ்டிக்கரிலும் இரண்டு வரிசை உண்டு. சும்மா பந்தில் மாட்டினால் ஒரு வரம்பு. பாரத்தை முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் பகிர்ந்து கொடுக்கும் ஸ்பிரிங் கம்பிகள் போட்டால் இன்னொரு வரம்பு, அதைவிட அதிகம். கடையில் எல்லோரும் சொல்வது இரண்டாவதை. ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது பம்பருக்கு அடியில். மண்டியிட்டால்தான் தெரியும்.

மாட்டும் வேலைக்கு ஒரு சனி, ஞாயிறு போனது. முதல் வேலை ஸ்டெப்னி டயரை இறக்குவது. பழைய போல்ட்டுகளில் இரண்டு நாள் முன்பே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைத்திருந்தோம். ஆனாலும் ஒன்று தலை முறிந்தது, கிரைண்டரால் அறுக்க வேண்டியதாயிற்று. சேஸிஸைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தோம். டங் என்று கணீரென்று கேட்டால் இரும்பு இருக்கிறது, பொத்பொத் என்றால் துருதான் இருக்கிறது. நல்லவேளை, கணீர். புது ஹிட்ச்சை ஒருவர் தூக்கிப் பிடித்துக்கொண்டு போல்ட் போட முடியாது, ஜாக்கியை அண்டக் கொடுத்து ஏற்றினோம்.

பெட்டிக்குள் இருந்த நான்கு பக்கத் தாளைப் பற்றி நல்லதாகச் சொல்ல வேண்டும். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் போடு, நடுவில் வைத்துச் சமன் பார், பிறகு இந்த வரிசையில் இத்தனை அடி-பவுண்டு முறுக்கு. தேவையில்லாத ஒரு வார்த்தை இல்லை. மல்லாந்து படுத்து, கண்ணில் துரு விழ, ஒரு கையில் டார்ச்சோடு படிப்பவருக்காக எழுதப்பட்ட தாள் அது. அதை எழுதியவர் ஒரு தடவையாவது வண்டிக்கு அடியில் படுத்திருப்பார் என்று நம்புகிறேன். விளம்பரத்தை எழுதியவர் டிரெய்லர் கட்டிப் பிள்ளைகளோடு எங்கேயும் போயிருக்க மாட்டார்.

ஓரிடத்தில் மாட்டிக்கொண்டோம். பந்தின் நட். 1¼ அங்குலத் தண்டு உள்ள பந்துக்கு 450 அடி-பவுண்டு வாக்கில் முறுக்கச் சொல்வார்கள். என்னிடம் இருந்த டார்க் ரெஞ்ச் 150இல் முடிந்துவிடும். பலரும் "நல்லா டைட் பண்ணியாச்சு" என்று விட்டுவிடுகிற இடம் இது. என் எடை 180, இரண்டரை அடிக் குழாயின் நுனியில் ஏறி நின்றால் சரியாக 450 என்று கணக்குப் போட்டேன். நண்பரின் மனைவி வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்ததால் அதைச் செய்யவில்லை. லாரி டயர் கடையில் கொடுத்து முறுக்கி வாங்கினோம்.

டிரெய்லரை வாடகைக்கு எடுத்தார். விளம்பரத்தில் காலி எடை 5,600. தண்ணீர், கேஸ் சிலிண்டர், பேட்டரி, பாத்திரம் பண்டம் எல்லாம் ஏறிய பிறகு என்ன எடை என்று யாரும் சொல்லவில்லை. நான் பின்னால் என் காரில் போனேன். சில மைல் தள்ளி ஒரு டிரக் ஸ்டாப்பில் கேட் எடைமேடை இருந்தது, அதில் ஏற்றினோம். முன் அச்சு 3,080. பின் அச்சு 4,140. டிரெய்லர் அச்சுகள் 5,980.

டிரக் மட்டும் 7,220. கதவில் போட்டிருக்கும் மொத்த எடை வரம்பு 7,000. இழுத்துக்கொண்டிருந்த டிரெய்லரோ 6,800 பக்கம்தான். விளம்பர எண்ணைக் கேட்டால் இன்னும் 4,200 பவுண்டு இழுக்கலாம் என்கிறது. எடைமேடை 220 பவுண்டு இறக்கு என்கிறது.

தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்யலாமா என்று கேட்டார். தொட்டி டிரெய்லர் அச்சுக்குப் பின்னால் இருந்தது. காலி செய்தால் முன்பாரம் கூடும். ஐந்து நிமிடம் அங்கேயே நின்று தலையைச் சொறிந்தோம். கடைசியில் அவருடைய இரண்டு பையன்களும் இறங்கி என் காரில் ஏறிக்கொண்டார்கள். இரண்டு பேரும் சேர்ந்து 300 பவுண்டு இருப்பார்கள், போன வருஷம் இவ்வளவு இல்லை. டிரக்கை மறுபடி மேடையில் ஏற்றினோம். 6,920.

ஏரிக்குப் போய் வந்தாயிற்று. சொந்தமாக வாங்க அவர் இப்போது சின்ன டிரெய்லர் பார்த்துக்கொண்டிருக்கிறார். எந்தக் கடைக்குப் போனாலும், சாமான் ஏற்றிய பிறகு முன்பாரம் எவ்வளவு என்று முதலில் கேட்கிறாராம். மூன்று கடை ஆகிறது. மூன்று இடத்திலும் "உங்க டிரக் எவ்வளவு இழுக்கும் சார்?" என்றுதான் திருப்பிக் கேட்டார்களாம்.